நன்றிப் பக்கம் திறக்காத விற்பனைகள்: புதுச்சேரிப் பொம்மைக் கடை ஒன்று சர்வர் வழிக் கன்வெர்ஷன் கருவியைத் தேர்ந்தெடுத்த விதம்

புதுச்சேரி மிஷன் வீதியில் கடையும் முத்தியால்பேட்டையில் கோடவுனும் வைத்திருக்கும் ஒரு சிறு நிறுவனம், புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் பொம்மைகளையும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளையும் இணையத்தில் விற்று வருகிறது. மெட்டா, கூகுள் விளம்பரங்களால் கிடைக்கும் விற்பனைகளை (கன்வெர்ஷன்), வாங்குபவரின் உலாவியிலிருந்து நேராக அல்லாமல் ஒரு சர்வர் வழியே அந்தத் தளங்களுக்குத் தெரிவித்துப் பதிவு செய்வதற்கு எந்தக் கருவியை எடுப்பது என்ற கேள்வி அங்கே எழுந்தது. அந்தத் தேர்வு நடந்த விதத்தையும், தேர்வுக்குப் பின் செய்ய வேண்டியிருந்த வேலைகளையும் இந்த ஆய்வு விவரிக்கிறது. உரிமையாளரின் விருப்பப்படி கடையின் பெயரும் விற்பனைத் தொகைகளும் இங்கே தரப்படவில்லை.

கடையின் தளம் வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் என்ற இணையக் கடை நிரல் கொண்டு இயங்குகிறது. ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி ஆவணிக் கடைசியில் தொடங்கி நவராத்திரி முதல் நாள் வரைக்கும் கொலுவுக்காக வருவது. விளம்பரச் செலவும் அந்தச் சில வாரங்களில்தான் குவிகிறது. வாங்குவோர் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, கோவைக்காரர்கள். சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சில ஆர்டர்கள் வருகின்றன. உள்நாட்டு ஆர்டர்களில் யூபிஐ முதலிடம், கேஷ் ஆன் டெலிவரி (சிஓடி) இரண்டாமிடம், கார்டு அதற்கும் கீழே. இந்த வரிசையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது இதுதான்.

முறையீடும் முதல் மருந்துச்சீட்டும்

மெட்டாவின் விளம்பரக் கணக்கு காட்டும் வாங்கல் எண்ணிக்கை, விளம்பரத்திலிருந்து வந்ததாகக் கடையின் ஆர்டர் பட்டியலே காட்டும் எண்ணிக்கையைவிடத் தொடர்ந்து குறைவாக இருந்தது. "பணம் நம்ம கணக்குக்கு வந்துடுச்சு சார், பொம்மையும் போய்ச் சேர்ந்துடுச்சு, மெட்டாவுக்கு மட்டும் எப்படி அது தெரியாமப் போச்சு?" என்று கடை உரிமையாளரான அம்மையார் கேட்டார். கணக்குக்காக மட்டும் அவர் அப்படிக் கேட்கவில்லை. ஒரு விளம்பரத் தொகுப்பு, யாருக்குக் காட்டுவது என்று மெட்டாவின் அமைப்பு பழகிக்கொள்ளும் கற்றல் கட்டத்தைத் தாண்டி நிலைபெற, வாரத்துக்கு ஏறத்தாழ 50 வாங்கல்கள் தேவை என்பது மெட்டாவே சொல்லும் அளவு. பெரிய கடைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. விளம்பரத் தொகுப்பு ஒவ்வொன்றிலும் அந்த எண்ணை ஒட்டியே தள்ளாடும் சிறு கடைக்கோ, பதிவாகாமல் போகும் ஒவ்வொரு ஆர்டரும் சீசன் முடிவதற்குள் விளம்பரம் சரியான ஆட்களைக் கண்டுபிடிக்காமல் போவதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது.

விளம்பரங்களைக் கவனித்து வந்த ஏஜென்சி இதற்கு உடனே ஒரு விளக்கம் சொன்னது: வந்தவரை அடையாளம் காண உலாவியில் எழுதிவைக்கும் சிறு குறிப்புகளான குக்கிகளை ஐபோன்கள் தடுக்கின்றன, ஆகவே சர்வர் வழிப் பதிவுக்கு மாத வாடகைக்கு ஒரு கருவி எடுக்க வேண்டும். இந்த விளக்கம் பொய்யன்று. ஐபோனின் உலாவியான சஃபாரி 2019ஆம் ஆண்டிலிருந்தே ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கிகளின் ஆயுளை 7 நாளாகச் சுருக்கியது. எந்தக் கிளிக் என்று காட்டும் கிளிக் ஐடி ஒட்டிய விளம்பர இணைப்பு வழியாக வருவோருக்கு அதை 24 மணி நேரமாகவே குறைத்தது. 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்தபோது, செயலிகள் பயனரைப் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டிய நிலை உண்டானது. குரோம் மட்டும் 2020 ஜனவரியில் மூன்றாந்தரப்புக் குக்கிகளை நீக்கப்போவதாக அறிவித்து, 2024 ஜூலையில் அந்த முடிவிலிருந்து பின்வாங்கி, 2025 ஏப்ரலில் தனி அனுமதிக் கேள்வியும் கிடையாது என்று சொல்லிவிட்டது. குக்கிகள் அழிந்தே போகும் என்ற அச்சத்தை முன்வைத்துக் கருவி விற்பவர்களின் பேச்சில் இந்தக் கடைசிப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போவது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆனால் ஒரு விளக்கம் பொதுவாக உண்மையாக இருப்பதும், இந்தக் கடைக்கு உண்மையாக இருப்பதும் வேறு வேறு. இந்தியாவில் பெரும்பாலானோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. கடையின் உள்நாட்டு வாடிக்கையாளர்களும் அப்படியே. ஐபோன்தான் காரணம் என்றால், விடுபட்ட ஆர்டர்கள் ஐபோன்காரர்களிடம் குவிந்திருக்க வேண்டும். அதைச் சரிபார்ப்பது எளிது. யாரும் சரிபார்த்திருக்கவில்லை என்பதுதான் வியப்பு.

ஆர்டர் ஆர்டராகப் பார்த்தபோது

கொலு சீசனின் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆர்டர் எண்ணுக்கும் எதிரே உலாவியிலிருந்து வாங்கல் நிகழ்வு (விற்பனை நடந்ததாக மெட்டாவுக்குப் போகும் செய்தி) போயிருக்கிறதா என்று ஒரு விரிதாளில் குறிக்கப்பட்டது. போனின் வகை, பணம் செலுத்திய முறை, வந்த வழி ஆகிய மூன்றும் பக்கத்திலேயே எழுதப்பட்டன. போன் வகையை வைத்து அடுக்கிப் பார்த்தபோது தெளிவான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பணம் செலுத்திய முறையை வைத்து அடுக்கியதும் படம் தெளிந்தது: விடுபட்டவை ஏறக்குறைய எல்லாமே யூபிஐ ஆர்டர்கள். கார்டில் செலுத்தியவை அநேகமாக ஒன்றுவிடாமல் பதிவாகியிருந்தன.

காரணத்தை நேரில் பார்க்க, கோடவுனில் பேக்கிங் பார்க்கும் பெண்ணின் ஆண்ட்ராய்டு போனிலேயே ஒரு சோதனை ஆர்டர் போடப்பட்டது. இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைத் தொட்டதும் கடையின் தளம் இன்ஸ்டாகிராமுக்கு உள்ளேயே இருக்கும் உலாவியில் திறந்தது. தசாவதார செட் ஒன்றைக் கூடையில் போட்டு, முகவரியும் எழுதி, யூபிஐயைத் தேர்ந்தெடுத்ததும் போன் நேராக ஜிபே செயலிக்குத் தாவியது. பின் எண்ணைப் போட்டார். பச்சை நிறத்தில் டிக் விழுந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்கு டேப் ஒட்டப் போய்விட்டார். அவர் பார்வையில் வாங்கும் வேலை அத்துடன் முடிந்தது. இன்ஸ்டாகிராமின் உள் உலாவியிலோ, பணம் வந்ததா என்று காத்திருக்கும் பக்கம் பின்னணியில் அப்படியே உறைந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் போன் அதை நினைவிலிருந்து தூக்கி எறிந்துவிட்டது. "உங்கள் ஆர்டருக்கு நன்றி" என்ற பக்கம் திறக்கவே இல்லை. வாங்கல் நிகழ்வை அனுப்பும் மெட்டாவின் சிறு நிரலான பிக்சல் அந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கிடையே, பணம் வந்து சேர்ந்த தகவலை, பணம் வாங்கித் தரும் இடைச் சேவையான பேமெண்ட் கேட்வே தன் வெப்ஹுக் (சர்வரிலிருந்து சர்வருக்குத் தானாகப் போகும் அறிவிப்பு) வழியே கடையின் சர்வருக்கு நேரடியாகச் சொல்லிவிட்டது. வூகாமர்ஸில் ஆர்டர் தானாகவே அடுத்த நிலைக்கு மாறிவிட்டது. கடைக்கு விற்பனை தெரிந்ததும் மெட்டாவுக்குத் தெரியாமல் போனதும் இப்படித்தான். குக்கிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

கேஷ் ஆன் டெலிவரியில் சிக்கல் நேர் எதிரானது. அங்கே பணம் கொடுக்கும் படி இல்லாததால் நன்றிப் பக்கம் உடனே திறக்கிறது, நிகழ்வும் தவறாமல் போகிறது. ஆனால் அந்த ஆர்டர்களில் ஒரு பங்கு கூரியரிலேயே திரும்பி வருகிறது. சுடுமண் பொம்மை போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் அடிபட்டால் மறுபடி விற்கும் நிலையில் இருப்பதில்லை. ஆகவே மெட்டா, யூபிஐயில் முன்பே பணம் கட்டியவரைத் தவறவிட்டு, பெட்டியைத் திருப்பி அனுப்பியவரை வாங்கியவராக எண்ணிக்கொண்டு, அவரைப் போன்றவர்களையே தேடிக்கொண்டிருந்தது. பதிவு குறைந்ததைவிடப் பதிவு இப்படிச் சாய்ந்திருந்ததுதான் பெரிய கேடு.

சர்வர் வழி என்பதற்குள் மூன்று வழிகள்

கருவிகளை ஒப்பிடத் தொடங்கியபோது ஒரு குழப்பம் முதலில் தீர வேண்டியிருந்தது. சந்தையில் சர்வர் வழிப் பதிவு என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை, செய்தியை எங்கிருந்து பெறுகின்றன என்பதில் அடிப்படையிலேயே வேறுபடுகின்றன.

முதல் வகையில், உலாவியில் ஓடும் நிரல் நிகழ்வை ஒரு இடைநிலைச் சர்வருக்கு அனுப்புகிறது. அந்தச் சர்வர் அதை மெட்டாவுக்கும் கூகுளுக்கும் பிரித்து அனுப்புகிறது. தளத்தின் பதிவு நிரல்களை நிர்வகிக்கும் கூகுள் டேக் மேனேஜரின் சர்வர் வடிவமான சர்வர் கன்டெய்னர் பொதுவாக நிறுவப்படுவது இப்படித்தான். மெட்டாவின் கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ கேட்வேயும் பிக்சலின் நிகழ்வுகளையே எடுத்துச் செல்கிறது. விளம்பரத் தடுப்பான்களைத் தாண்டுவதற்கு இது உதவும். ஆனால் உலாவி வாயே திறக்காத இடத்தில், இடையில் நிற்கும் சர்வருக்குச் சொல்வதற்கு எதுவும் இருக்காது. நன்றிப் பக்கம் திறக்காத யூபிஐ ஆர்டர் இங்கேயும் விடுபட்டே போகும்.

இரண்டாம் வகை ஏமாற்றுத் தோற்றம் கொண்டது. சோதித்துப் பார்த்த செருகுநிரல்களில் (தளத்தோடு இணைக்கும் கூடுதல் நிரல்கள்) ஒன்று நிகழ்வைக் கடையின் சர்வரிலிருந்தே அனுப்பியது. விளம்பரத்திலும் அப்படியே சொல்லிக்கொண்டது. ஆனால் அது அனுப்பும் தருணம் நன்றிப் பக்கம் திறக்கும் தருணமாக இருந்தது. அனுப்புவது சர்வர், கிளப்பிவிடுவது உலாவி. பெயர் மாறியதே தவிர, ஓட்டை அதே இடத்தில் இருந்தது.

மூன்றாம் வகையில் நிகழ்வு ஆர்டரின் நிலைமாற்றத்திலிருந்து பிறக்கிறது. பணம் வந்ததாக வெப்ஹுக் சொல்லி, ஆர்டர் நிலை மாறியதும், வாங்கியவர் போனை அணைத்துவிட்டிருந்தாலும் நிகழ்வு போகும். இந்தக் கடைக்குத் தேவைப்பட்டது இது ஒன்றே.

இந்தப் பிரிவினை தெளிந்தபின் பட்டியல் தானாகவே சுருங்கியது. இருந்தாலும் செலவையும் பார்க்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றும் எடைபோடப்பட்டது. டேக் மேனேஜரின் சர்வர் கன்டெய்னரைக் கூகுளின் வாடகைச் சர்வர் சேவையான கிளவுட் ரன்னில் வைத்தால், உண்மைப் பயன்பாட்டுக்குக் குறைந்தது 2 இயக்கப் பிரதிகள் வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. ஒவ்வொன்றுக்கும் மாதம் சுமார் 45 டாலர் என்று அதன் வழிகாட்டியே மதிப்பிடுகிறது. அதாவது கொலு முடிந்த பிறகு வெறிச்சோடிக் கிடக்கும் மாதங்களிலும் 90 டாலர் போய்க்கொண்டிருக்கும். ஸ்டேப் போன்ற வாடகைச் சேவைகள் இதைவிட மலிவு. மாதம் 10,000 கோரிக்கைகள் வரை அங்கே இலவசம். ஆனால் பக்கம் பார்த்தது, பொம்மை பார்த்தது, கூடையில் போட்டது என ஒவ்வொன்றும் ஒரு கோரிக்கையாகக் கணக்கிடப்படும்போது, சீசனில் அந்த அளவு சில நாளில் தீர்ந்துவிடும். இவை மோசமான கருவிகள் அல்ல. இவற்றுக்கு வூகாமர்ஸிலிருந்து நேரடியாக வெப்ஹுக் கொடுத்தும் இயக்கலாம். நாலைந்து விளம்பரத் தளங்களில் செலவு செய்யும் கடைக்கு அதுவே சரியான வழி. இரண்டே தளங்களில், ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும் செலவு செய்யும் கடைக்கு அது தேவைக்கு மிஞ்சியது. எந்த விளம்பரத்தால் எந்த விற்பனை என்று வண்ண வரைபடங்களில் காட்டும் விலையுயர்ந்த சந்தாச் சேவை ஒன்றின் விற்பனையாளரும் வந்து விளக்கினார். அவரிடம் சிஓடி ஆர்டர் திரும்பினால் என்ன ஆகும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதைத் தவிர அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

குக்கியின் ஆயுளை நீட்டித் தருகிறோம் என்ற வாக்குறுதியையும் தனியே பார்க்க வேண்டியிருந்தது. கடையின் துணை டொமைன் ஒன்றை இடைநிலைச் சர்வருக்குக் காட்டிவிட்டால் சஃபாரியில் குக்கி நீண்ட நாள் நிற்கும் என்று சொல்லப்பட்டது. சஃபாரி 16.4 பதிப்பு வந்த 2023ஆம் ஆண்டிலிருந்து அது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை: குக்கியை எழுதும் சர்வரின் ஐபி முகவரி தளத்தின் ஐபி முகவரியோடு முதல் பாதியில் ஒத்துப்போகாவிட்டால், ஆயுள் மீண்டும் 7 நாளே. தளம் ஒரு ஹோஸ்டிங்கிலும் கன்டெய்னர் வேறொரு கிளவுடிலும் இருக்கும் சாதாரண அமைப்பு இந்த வலையில் நேராக விழுகிறது. தவிர, மெட்டாவின் இயல்புநிலைக் கணக்கீடே, கிளிக் செய்தவர் வாங்குவதை 7 நாள் வரைதான் எண்ணுகிறது. 7 நாளுக்குப் பின்னும் உயிரோடிருக்கும் குக்கியால் அங்கே பெரிய பயன் இல்லை. பயனுள்ள இடைவெளி, 24 மணி நேரத்தில் செத்துப்போகும் குக்கியை 7 நாள் வரை இழுப்பது மட்டுமே. அதைக் கடையின் சொந்தச் சர்வரே, சொந்த டொமைனில், சர்வரில் ஓடும் பிஎச்பி நிரல் வழியாக எழுதிவிடலாம். செலவு எதுவும் இல்லை. பக்கங்களின் தயார் நகல் (கேச்) சேமிக்கப்பட்டிருந்தால் பிஎச்பி ஓடாது என்பதால், கிளிக் ஐடியோடு வருபவர்களுக்கு மட்டும் அந்த நகலில் சிக்காத ஒரு சிறு கோரிக்கையைத் தனியே அனுப்ப வேண்டியிருந்தது.

எடுத்த முடிவும் அதன் உள்வேலைகளும்

ஆர்டர் நிலையைப் பொறுத்து நிகழ்வனுப்பும் தருணத்தை நாமே தீர்மானிக்க இடம் தரும் ஒரு வூகாமர்ஸ் செருகுநிரலும், அதோடு இணைத்து எழுதப்பட்ட சிறு நிரலும் தேர்வாயின. வாங்கல் நிகழ்வு மட்டும் சர்வரிலிருந்தும் போகும். பார்த்தது, கூடையில் போட்டது போன்றவை வழக்கம்போல் உலாவியிலிருந்தே போகும். அவற்றில் கொஞ்சம் குறைந்தாலும் இந்த அளவுள்ள கடைக்கு முடிவுகள் மாறப்போவதில்லை.

தேர்வைவிட அதன் பின் வந்த வேலைகளில்தான் கற்க நிறைய இருந்தது.

ஆர்டர் நிலை வெப்ஹுக்கால் மாறும்போது, கடையின் சர்வரோடு பேசிக்கொண்டிருப்பது வாடிக்கையாளர் அல்லர், பேமெண்ட் கேட்வே. அந்தக் கணத்தில் ஐபி முகவரியையும் உலாவி விவரத்தையும் எடுத்தால் கேட்வே சர்வரின் விவரம்தான் கிடைக்கும். எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே முகவரியில் குடியிருப்பதுபோல் மெட்டாவுக்குத் தோன்றும். வூகாமர்ஸ் ஆர்டர் பிறக்கும்போதே வாங்குபவரின் ஐபி முகவரியையும் உலாவி விவரத்தையும் ஆர்டரோடு சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றை அங்கிருந்தே எடுக்க வேண்டும். மெட்டாவின் இரு குக்கிகளையும் கூகுளின் கிளிக் ஐடியையும் அது தானாக வைப்பதில்லை என்பதால், செக்அவுட் படியிலேயே அவற்றை ஆர்டரோடு எழுதிவைக்கும் வரிகள் சேர்க்கப்பட்டன. ஃபேஸ்புக் கிளிக் ஐடியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம்; மற்ற விவரங்களைச் சிறிய எழுத்தாக்கும் வழக்கத்தில் இதையும் மாற்றிவிட்டால் அது பயனற்றுப்போகும்.

அடுத்தது நேரம். நிகழ்வு நடந்த நேரத்தை யூனிக்ஸ் நொடிக்கணக்கில், உலகப் பொது நேரப்படி மெட்டா கேட்கிறது. வேர்ட்பிரஸில் தளத்தின் உள்ளூர் நேரத்தைக் கூட்டித் தரும் பழைய செயற்கூறு ஒன்று உண்டு. ஏற்கெனவே தளத்தில் கிடந்த நிரல் அதையே பயன்படுத்தியிருந்தது. அதன்படி ஒவ்வொரு ஆர்டரும் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் நடந்ததாக ஆகிவிடும். பிழை எங்கே என்று தேடுபவர்கள் முதலில் இந்த 5 மணி 30 நிமிடத்தைத் தேடுவது நல்லது. பின்னோக்கியும் ஒரு எல்லை இருக்கிறது: இணையதள நிகழ்வு 7 நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் மெட்டா அதை ஏற்பதில்லை, ஒரே கோரிக்கையில் பல நிகழ்வுகளைச் சேர்த்து அனுப்பும்போது அப்படி ஒன்று கலந்திருந்தாலும் முழுக் கோரிக்கையும் திரும்பிவிடும். ஆகவே ஒவ்வொரு ஆர்டரும் தனித்தனியாக அனுப்பப்படுகிறது.

இரட்டைப் பதிவைத் தவிர்க்க, உலாவியும் சர்வரும் ஒரே நிகழ்வுப் பெயரையும் ஒரே நிகழ்வு எண்ணையும் அனுப்ப வேண்டும். செருகுநிரல் தானாக ஒரு எண்ணை உருவாக்க விட்டால் இரு பக்கமும் வெவ்வேறு எண் போய், ஒரு செட் பொம்மை இரண்டாக விற்றுவிடும். ஆர்டர் எண்ணையே நிகழ்வு எண்ணாக இரு பக்கமும் வைத்ததும் அது தீர்ந்தது. ஆனால் இந்த ஒப்பீடு 48 மணி நேரத்துக்குள் வரும் நிகழ்வுகளுக்கு மட்டுமே. சிஓடி விஷயத்தில் இது இடித்தது.

சிஓடி ஆர்டர் எப்போது விற்பனை ஆகிறது? ஆர்டர் விழுந்ததுமா, பெட்டி கைமாறியதுமா? பெட்டி கைமாறும்வரை காத்திருந்தால், தூரத்து ஊர்களுக்கு 7 நாள் எல்லை நெருங்கிவிடும். உலாவி நிகழ்வோடு ஒப்பிடும் 48 மணி நேரமும் கடந்திருக்கும். ஆர்டர் விழுந்ததுமே அனுப்பினால் பழைய நோய் அப்படியே தொடரும். கடையில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது: சிஓடி ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் பேக்கிங் பெண் போன் செய்து, "பொம்மை உடையுற பொருள் அக்கா, அட்ரஸ் சரிதானே, அன்னிக்கு வீட்ல ஆள் இருப்பீங்கதானே" என்று கேட்ட பிறகே பெட்டி கட்டுவார். அந்தப் போன் அழைப்பையே விற்பனையின் தருணமாக எடுத்துக்கொண்டோம். வூகாமர்ஸ் சிஓடி ஆர்டரை உடனே பணம் வந்த ஆர்டரின் நிலைக்கே கொண்டுபோய்விடுவதால், "போனில் உறுதி" என்ற தனி நிலை ஒன்று உருவாக்கப்பட்டது. சிஓடிக்கு உலாவியின் வாங்கல் நிகழ்வு நிறுத்தப்பட்டது. பேக்கிங் பெண் ஆர்டரை அந்த நிலைக்கு மாற்றும்போது மட்டும் சர்வர் நிகழ்வு போகிறது. போனை எடுக்காதவர்களின் ஆர்டர் மெட்டாவுக்குத் தெரிவதே இல்லை. எந்தக் கருவியின் விலைப்பட்டியலிலும் இல்லாத இந்த ஏற்பாடுதான், என் மதிப்பீட்டில், இந்த முழு வேலையிலும் அதிகம் பலன் தந்தது.

வாடிக்கையாளரை அடையாளம் காணும் விவரங்களில் நம் ஊருக்கே உரிய சில முரண்டுகள் இருந்தன. மின்னஞ்சல் இங்கே நம்பத்தகுந்ததன்று. கட்டாயம் என்பதற்காக ஏதோ ஒன்றை எழுதிவிட்டுப் போகிறார்கள். கைபேசி எண்ணே உண்மையான அடையாளம், ஏனெனில் கூரியர்க்காரர் அதில்தான் கூப்பிடுவார். அதையும் சிலர் முன்னால் சுழியோடும், சிலர் 91 சேர்த்தும், சிலர் நடுவில் இடைவெளி விட்டும் எழுதுகிறார்கள். மெட்டா நாட்டுக்குறியோடு கூடிய வெறும் இலக்கங்களைக் கேட்கிறது. கூகுள் அதே எண்ணை முன்னால் கூட்டல் குறியோடு கேட்கிறது. ஹாஷ் செய்த பிறகு, அதாவது எண்ணை ஒரு நீண்ட குறியீட்டுச் சரமாக மாற்றிய பிறகு, இந்த ஒரு குறியின் வேறுபாடு முற்றிலும் வேறொரு சரமாக மாறிவிடுவதால், இரண்டுக்கும் தனித்தனியே தயாரிக்க வேண்டும். குடும்பப்பெயர் கட்டம் தமிழர்களிடம் படும்பாடு தனிக்கதை: முன்னெழுத்தை அதில் போடுபவர் பாதி, வெறும் புள்ளி வைப்பவர் மீதி. ஓரெழுத்தோ புள்ளியோ இருந்தால் அந்த விவரத்தை அனுப்பாமலே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஊர்ப் பெயரும் அப்படியே. புதுச்சேரி, பாண்டிச்சேரி, பாண்டி என்று மூன்றாக எழுதப்படும் ஊருக்கு 605001 என்ற அஞ்சல் குறியீடே மேல்.

கூகுள் பக்கம்

கூகுளில் வேலை எளிதாக முடிந்தது. ஆர்டரோடு சேமித்த கிளிக் ஐடி, ஆர்டர் எண், தொகை, நேரம் ஆகியவை ஒரு கூகுள் ஷீட்டில் தானாக எழுதப்பட்டு, அங்கிருந்து நாளுக்கு ஒரு முறை விளம்பரக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. அங்கே இன்னொரு வசதியும் இருக்கிறது. பதிவான கன்வெர்ஷனை 55 நாளுக்குள் திரும்பப் பெறவோ தொகையைத் திருத்தவோ கூகுள் அனுமதிக்கிறது. ஆகவே கூரியரில் திரும்பி வந்த பெட்டியின் ஆர்டர் எண் வாரம் ஒரு முறை திருத்தப் பட்டியலில் ஏறுகிறது. மெட்டாவில் அப்படி அனுப்பியதைக் குறைத்துக்கொள்ளும் வழி இல்லாததாலேயே, அங்கே அனுப்பும் முன் போன் அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்டதும் மீந்ததும்

மாற்றத்துக்குப் பின் அதே விரிதாள் ஒப்பீடு மறுபடி செய்யப்பட்டது. யூபிஐ ஆர்டர்கள் கார்டு ஆர்டர்களுக்கு இணையாகப் பதிவாயின. விடுபட்ட ஒன்றிரண்டும் தளத்தின் சர்வர் தடுமாறிய நேரத்தில் போனவை, மறுமுயற்சி வரிசை ஒன்றை வைத்த பின் அவையும் போய்ச் சேர்ந்தன. விளம்பரக் கணக்கில் சிஓடி விற்பனை எண்ணிக்கை குறைந்தது. ஏஜென்சிக்கு முதலில் இது பிடிக்கவில்லை, ரிப்போர்ட்டில் எண் இறங்கியதற்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது அவர்களுக்கு. மெட்டா 10க்குக் கொடுக்கும் பொருத்தத் தர மதிப்பெண்ணும் ஏறியது. அந்த மதிப்பெண்ணுக்கு இந்த ஆய்வு பெரிய இடம் தரவில்லை. எவ்வளவு விவரம் அனுப்பினோம் என்பதைத்தான் அது அளக்கிறது, எத்தனை பொம்மை விற்றது என்பதையன்று. விளம்பரத்தால் விற்பனையே உயர்ந்ததா என்பதை ஒரு சீசனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது; ஆண்டுக்கு ஆண்டு கொலு வரும் தேதியும் போட்டியும் மாறுகின்றன.

இரண்டு விஷயங்கள் இன்னும் முடிவாகவில்லை. மிஷன் வீதிக் கடைக்கு வார இறுதியில் வந்து வாங்குபவர்களில் விளம்பரம் பார்த்து வந்தவர்களும் உண்டு. கடையில் நேரடியாக நடக்கும் விற்பனைகளை 62 நாளுக்குள் அனுப்ப மெட்டா இடம் தருகிறது. பில் போடும்போது வாங்கும் கைபேசி எண்ணை அதற்குப் பயன்படுத்தலாமே என்று ஏஜென்சி கேட்கிறது. பில்லுக்காகக் கொடுத்த எண்ணை விளம்பரத்துக்கு அனுப்புவது சரியல்ல என்பதே உரிமையாளரின் நிலை. நானும் அதையே சொன்னேன். ஹாஷ் செய்துதானே அனுப்புகிறோம் என்ற சமாதானம் நிற்காது. பத்து இலக்கக் கைபேசி எண்கள் அத்தனையையும் வரிசையாக ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையன்று. எண்ணை மறைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாமே தவிர, அது அடையாளம் அற்றுப்போய்விடுவதில்லை.

மற்றது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டு, கடமைகள் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டோரைப் பின்தொடர்ந்து அவர்களை நோக்கி விளம்பரம் செய்வதற்கு அது தடை விதிக்கிறது. பொம்மை விற்கும் கடை இதை அலட்சியமாகக் கடந்துபோக முடியாது. செக்அவுட் பக்கத்தில், ஆர்டரை அனுப்புவதற்கான ஒப்புதலிலிருந்து பிரித்து, விளம்பர நிறுவனங்களுக்கு விவரம் அனுப்புவதற்குத் தனியே ஒரு டிக் கட்டம் வைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கட்டத்தைத் தொடாதவரின் ஆர்டருக்கு நிகழ்வு போகாது. அதனால் குறையும் பதிவுகளின் எண்ணிக்கையை அதே விரிதாளில் புதிய நெடுவரிசை ஒன்றில் எழுதவிருக்கிறார்கள். அடுத்த கொலுவுக்கான விளம்பரச் செலவு அதைப் பார்த்த பிறகே முடிவாகும்.